இருதயம் இளைப்பாறும் நேரம்

மனித உடலின் உறுப்புக்களுள் ஓய்வொழிவின்றி உழைப்பது யாது என்று வினவினால், இருதயமே என்று பள்ளிச் சிறுவனும் விடை கூறுவான். அவ்விடையிற் பாதியே உண்மை. நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இருதயத்துக்கு ஒரு துடிப்புக்கு ஆகும் காலம் 0.8 வினாடி. அதிற் சுருங்குவதற்குச் செலவாவது ஏறக்குறைய 0.3 வினாடி; எஞ்சிய 0.5 வினாடியும் அது தளர்ந்து இளைப்பாறுகின்றது. ஒரு நாட் கணக்கிற் பார்த்தால், 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 15 மணி நேரம் இருதயம் தளர்நிலையிலேயே கழிக்கின்றது எனலாம்.

இத்தளர்வைப் பற்றி மக்கள் பெரும்பாலும் எண்ணுவதில்லை. இருதயம் எவ்வளவு வலுவாக இரத்தத்தை இறைக்கின்றது என்பதே நோயாளியும் அவருடைய உறவினரும் கேட்கும் கேள்வியாக உள்ளது. அடைபட்ட இருதய நாடியைப் பலூன் கொண்டு திறந்து, ஸ்டென்ட் எனப்படும் சிறிய வலைக்குழலை அதனுள் வைக்கும் சிகிச்சை இலங்கையிலும் செய்யப்பட்டு வருகின்றது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை நோக்கி, "நாடி திறந்தாயிற்று, இனிக் குறையொன்றுமில்லை" என்று சுற்றத்தார் ஆறுதல் கூறுவர். சிலர் வகையில் அது பொருந்தும். வேறு சிலருக்கோ படியேறும்போதும் கிணற்றடியிலிருந்து நீர் சுமந்து வரும்போதும் மூச்சு வாங்குவது நிற்பதில்லை. வழி திறந்திருக்க மூச்சு ஏன் வாங்கவேண்டும்? பலரிடத்து இவ்வினாவுக்குரிய விடை இருதயத்தின் தளர்விலே பொதிந்துள்ளது. நாடியைத் திறத்தல் அத்தளர்வை எவ்வளவு மீட்டுத்தரும், எதனை மீட்டுத்தராது என்பதை அறிந்துகொள்வது நோயாளிக்கும் அவரைப் பேணுவோர்க்கும் பெரிதும் பயன்படும்.

இருதயத்தில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு அறைகள் உள்ளன. மேலறைகளைச் சோணையறைகள் என்றும் கீழறைகளை இதயவறைகள் என்றும் பாடநூல்கள் கூறும். சுவாசப்பையிலே ஒட்சிசனைப் பெற்ற இரத்தம் இடது மேலறைக்கு வந்து, அங்கிருந்து இடது கீழறைக்கு இறங்குகின்றது. இடது கீழறை சுருங்கும்போது அவ்விரத்தம் பெருநாடி வழியாக உடலெங்கும் செல்கின்றது. உடல் ஓய்ந்திருக்கும் வேளையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம் இவ்வாறு வெளியேறும். ஆனால் நிரம்பாத பாத்திரத்திலிருந்து ஊற்ற முடியாது. கீழறை தளர்ந்து விரிந்து இரத்தத்தை உள்ளே ஏற்றாலன்றி, அடுத்த சுருக்கத்தில் வெளியே செலுத்துவதற்கு ஒன்றும் இராது. கொல்லன் துருத்தியைப் பார்த்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். துருத்தியை அமுக்கும்போது காற்று வெளியேறுகின்றது. அது விரியும்போதே மீண்டும் காற்று உள்ளே வருகின்றது. விரிய மறுக்கும் துருத்தியை எவ்வளவு வலிய கையால் அமுக்கினும் உலையில் தீ எழாது.

கீழறை நிரம்புவது இரண்டு கட்டங்களில் நிகழ்கின்றது. சுருக்கம் முடிந்தவுடன் கீழறையின் தசை விரைந்து தளர, அதனுள் அழுத்தம் சட்டென்று வீழ்கின்றது. அப்போது மேலறையில் காத்திருந்த இரத்தம் வால்வைத் திறந்துகொண்டு கீழே பாய்கின்றது. நல்ல உடல்நலமுள்ள இளைஞரிடத்தே பெரும்பங்கு இரத்தம் இம்முதற் கட்டத்திலேயே இறங்கிவிடும். எஞ்சியதை மேலறை தானும் சுருங்கி இறுதியில் உள்ளே தள்ளிவிடுகின்றது. தசையின் தளர்வு மந்தமானால் முதற் கட்டப் பாய்ச்சல் குன்றும். மேலறையின் தள்ளுதல் மேலும் மேலும் வேண்டப்படும். மந்தம் முற்றினால், கீழறையை நிரப்புவதற்கு மேலறையில் அழுத்தம் உயரவேண்டியதாகும். அந்த அழுத்தம் பின்னோக்கிச் சுவாசப்பையின் இரத்தக் குழாய்களையும் எட்டும். அப்போதுதான் நோயாளிக்கு மூச்சு வாங்குகின்றது. அவருடைய இருதயம் இறைக்கும் வலுவில் ஒரு குறையும் இல்லாதிருக்கலாம். நிரம்புவதிலே குறை நேர்ந்திருக்கின்றது.

தளர்வு என்றவுடன், கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டால் அது தானே தொய்வது போன்றதென்று எண்ணத் தோன்றும். உடலியல் நூல்கள் கூறும் செய்தி வேறு. தசை சுருங்குவதற்குச் சக்தி வேண்டும். தளர்வதற்கும் சக்தி வேண்டும். இருதயத் தசையின் ஒவ்வோர் உயிர்க்கலத்துள்ளும் கல்சியம் பெருகும்போது, நுண்ணிய புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன, அதுவே சுருக்கம். அவ்விழைகள் பிடியை விடவேண்டுமானால், பரவிய கல்சியத்தை மீண்டும் அதன் களஞ்சியத்துக்குள் இறைத்துவிட வேண்டும். அவ்விறைப்புக்கு ஏ. ரி. பி. எனப்படும் எரிபொருள் செலவாகின்றது. இழைகளின் பிடி கழன்று விடுவதற்கும் அதே எரிபொருள் வேண்டும். இதற்குச் சான்று தேடி ஆய்வுகூடத்துக்குச் செல்லவேண்டியதில்லை. உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் உடல் விறைத்துப்போவதை யாவரும் அறிவர். சுவாசம் நின்று எரிபொருள் உண்டாவதும் நின்றுவிட்டமையால், தசையின் இழைகள் பற்றிய பிடியை விடமாட்டாது இறுகிக் கிடக்கின்றன. அந்த விறைப்பு எரிபொருள் அற்ற தசையின் நிலை. உயிரோடிருக்கும் இருதயத்தில் எரிபொருள் முற்றும் அறுவதில்லை. ஆயினும் அது குறையுமளவுக்குத் தளர்வும் தாமதிக்கின்றது.

அந்த எரிபொருளை ஆக்குவதற்கு ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசனைக் கொண்டுவருவது இரத்தம். உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இருதயம், தன் அறைகளில் நிறைந்திருக்கும் இரத்தத்திலிருந்து தன் தடித்த தசைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதில்லை. பெருநாடி தொடங்கும் இடத்திலேயே அதிலிருந்து பிரியும் இரண்டு சிறு நாடிகள் இருதயத்தின் மேற்பரப்பை ஒரு முடி போலச் சூழ்ந்து கிளைத்து, தசைக்குள்ளே இறங்குகின்றன. அதனாலேயே அவற்றுக்கு முடியுரு நாடிகள் என்று பெயராயிற்று. மற்றைய உறுப்புக்கள் தம்மிடம் வரும் ஒட்சிசனில் ஒரு பகுதியையே எடுத்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பி அனுப்ப, இருதயத் தசையோ ஓய்வு நேரத்திலேயே நூற்றுக்கு ஏறக்குறைய 70 பங்கை எடுத்துவிடுகின்றது. ஆகவே உழைப்பு மிகும்போது அதிகமான ஒட்சிசனைப் பெறுவதற்கு அதற்குள்ள வழி, அதிகமான இரத்தத்தைப் பெறுவதேயாகும்.

இங்கே இயற்கையின் ஏற்பாடு ஒன்று கருத்திற்கொள்ளத் தக்கது. உடலின் மற்றைய உறுப்புக்களுக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்வது இருதயம் சுருங்கும்போது. இடது கீழறையின் தசையோ சுருங்கும்போது தன்னுள்ளே ஓடும் நுண்குழாய்களைத் தானே நெரித்துவிடுகின்றது. ஆதலால் அது தனக்குரிய இரத்தத்தில் பெரும்பகுதியைத் தளர்ந்திருக்கும் நேரத்திலேயே பெறுகின்றது. இத்தாலியரான ஸ்கராமுச்சி என்பவர் 1695ஆம் ஆண்டிலேயே இவ்வாறு நிகழவேண்டுமென்று ஊகித்துரைத்தார். ஊரார் தோட்டங்களுக்கெல்லாம் நீர் இறைப்பவன், இறைப்பு நிற்கும் இடைவேளையிலேதான் தன் பாத்திக்கு நீர் பாய்ச்சமுடியும் என்றால், அந்த இடைவேளை குறுகுவது அவனுக்கு எத்துணை நட்டம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. உழைப்பின்போது இருதயம் விரைந்து துடிக்கின்றது. நிமிடத்துக்கு 150 முறை துடிக்கையில், ஒரு துடிப்புக்குக் கிடைப்பது 0.4 வினாடி மட்டுமே. சுருக்கத்தின் காலம் அவ்வளவாகக் குறையாது. தளர்வின் காலமே பெரிதும் குறைந்து, 0.2 வினாடி அளவுக்கு ஒடுங்கிவிடுகின்றது.

இனி, முடியுரு நாடியின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கிவிட்டதென்று கொள்வோம். நாடியின் விட்டத்தில் நூற்றுக்கு 70 பங்கு ஒடுங்கியபோதும், ஓய்ந்திருக்கும் வேளையில் போதிய இரத்தம் செல்லக்கூடும். நடக்கும்போதும் பாரம் தூக்கும்போதும் குறை வெளிப்படும். தசைக்கு ஒட்சிசன் பற்றாதுபோக, எரிபொருள் ஆக்கம் தளரும். கல்சியத்தைக் களஞ்சியத்துக்குத் திருப்பும் வேலை தாமதிக்கும். தசை விறைத்தவாறே அடுத்த துடிப்பை எதிர்கொள்ளும். விறைத்த கீழறைக்குள் அழுத்தம் உயர, அவ்வழுத்தம் தசையின் உள்ளடுக்கிலுள்ள நுண்குழாய்களை மேலும் நெரிக்கும். இரத்தக் குறைவினால் விறைப்பும், விறைப்பினால் இரத்தக் குறைவுமாக ஒன்றையொன்று வளர்க்கும். முடியுரு நாடி நோயில் முதலிற் கெடுவது இருதயத்தின் ஓய்வே என்று கூறுவது மிகையாகாது.

இதன் வரிசைமுறையை நெஸ்ரோ, கோவல்சுக் என்னும் இரு வைத்தியர்கள் 1987ஆம் ஆண்டில் தெளிவாக எடுத்துரைத்தனர். இரத்தம் குறையத் தொடங்கியதும் முதலில் தளர்வு கெடுகின்றது. அடுத்துச் சுருக்கம் கெடுகின்றது. அதன் பின்னரே மின்பதிவுத் தாளில், அதாவது ஈ. சி. ஜி.யில், மாற்றம் தெரிகின்றது. நெஞ்சுநோ எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது. நெஞ்சு நோகவில்லை ஆதலால் இருதயத்துக்கு ஒன்றுமில்லை என்று பலர் எண்ணியிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை இவ்வரிசை உணர்த்துகின்றது. நீரிழிவுள்ளோரிடத்தும் முதியோரிடத்தும் நோவே தோன்றாமற் போவதுமுண்டு. "வயது போய்விட்டது, அதனாலே களைக்கின்றது" என்று ஒதுக்கப்படும் மூச்சு வாங்கல், இருதயம் விடுக்கும் முதல் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

அடைப்பைத் திறக்கும் கலை ஒரே நாளிற் பிறந்ததன்று. 1929ஆம் ஆண்டில் ஜேர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வேர்னர் போர்ஸ்மன் என்னும் இளம் வைத்தியர், மெல்லிய குழாயொன்றைத் தம் கையின் நாளம் வழியாகச் செலுத்தித் தம் இருதயம் வரை கொண்டுசென்று, அதனை எக்ஸ் கதிர்ப் படமாகவும் எடுத்துக் காட்டினார். அன்று அவரைக் கடிந்தோர் பலர். 1956இல் அவருக்கும் வேறிருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் முடியுரு நாடிக்குள் நேரே சாயம் செலுத்திப் படமெடுக்கும் முறையைத் தொடங்கினார். அதே நகரில் 1967இல் ஆர்ஜென்ரீனரான ரெனே பவலோரோ, காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு அடைப்பைக் கடந்து மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் சத்திரசிகிச்சையை நிலைநாட்டினார். நெஞ்சைப் பிளக்காமலே அடைப்பைத் திறந்தவர் அந்திரேயாஸ் குருன்சிக். தம் வீட்டுச் சமையலறை மேசையிலே வைத்துப் பலூன் குழாய்களைச் செய்து பார்த்த அவர், 1977 செப்டெம்பர் 16ஆம் நாள் சூரிச் நகரில், 38 வயதினர் ஒருவருடைய முடியுரு நாடியின் ஒடுக்கத்துள் பலூனைச் செலுத்தி விரித்தார். திறந்த நாடி மீண்டும் ஒடுங்காதவாறு தாங்கும் ஸ்டென்ட் 1986இல் முதன்முதலாக மனித முடியுரு நாடியில் வைக்கப்பட்டது.

பலூன் சிகிச்சை, இருதயத்தின் தளர்வை ஆராய்வதற்கும் எதிர்பாராத வாய்ப்பொன்றை அளித்தது. பலூன் விரிந்திருக்கும் சில வினாடிகளுக்கு நாடி முற்றாக அடைபட்டிருக்கும். பலூனைச் சுருக்கியதும் இரத்தம் மீண்டும் ஓடும். நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகர வைத்தியர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் சில வினாடிகளுக்குள் இருதயத்தில் நிகழ்வதை அளந்து காட்டினர். நாடி அடைபட்ட மிகக் குறுகிய நேரத்திலேயே தசை தளரும் வேகம் குறையத் தொடங்கியது. பலூன் சுருங்கி இரத்தம் ஓடியபின் இருதயம் பழைய நிலைக்கு மீண்டது. தளர்வு எவ்வளவு விரைவிற் கெடுமோ, தக்க வேளையில் வழி திறந்தால் அது மீளவும் கூடும் என்பதற்கு இது நேரான சான்றாயிற்று.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1982இல், அமெரிக்காவின் பெதெஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிலையத்தில் றொபேட் பொனோவும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு இன்னும் முக்கியமானது. ஒரே ஒரு முடியுரு நாடி மட்டும் ஒடுங்கிய நோயாளிகளை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். அவர்களிடத்து முன்னர் மாரடைப்பு நேர்ந்ததற்கான தடயமில்லை. இருதயம் இறைக்கும் அளவும் ஓய்வு நேரத்திற் சரியாகவே இருந்தது. கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு இரத்தத்திற் கலந்து, கீழறை எவ்வளவு விரைவாக நிரம்புகின்றதென்பதைப் பலூன் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்தனர். சிகிச்சையின் பின்னர், இருதயம் ஓய்வு நேரத்தில் இறைக்கும் அளவில் மாற்றம் காணப்படவில்லை. கீழறை நிரம்பும் வேகமோ கூடியிருந்தது. நோயாளி அமைதியாகப் படுத்திருந்த வேளையிலும், நெஞ்சில் நோவெதுவும் இல்லாத நிலையிலும், ஒடுங்கிய நாடி அவருடைய இருதயத்தின் தளர்வைக் கெடுத்துக்கொண்டிருந்தது என்பதும், நாடி திறந்தபின் அது திருந்தியது என்பதும் இதனால் வெளியாயின. இறைக்கும் அளவை மட்டும் பார்த்திருந்தால், இச்சிகிச்சையால் இருதயத்துக்கு ஒரு நன்மையும் இல்லை என்றே முடிவு செய்திருப்பர்.

எனினும் எல்லார்க்கும் இதே பயன் கிடைப்பதில்லை. அதன் காரணத்தை அறிவதற்குத் தளர்வின் இரண்டு கூறுகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, முன்னர்க் கூறியவாறு எரிபொருளைச் செலவிட்டுத் தசை தன் பிடியை விடுதல். மற்றது, கீழறைச் சுவரின் இயல்பான நெகிழ்ச்சி. முதலாவது, இரத்த ஓட்டத்தோடு நேரே தொடர்புடையது; நாடி திறந்தால் திருந்தக்கூடியது. இரண்டாவது, சுவர் எப்பொருளால் ஆனது என்பதைப் பொறுத்தது. பல ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தத்தோடு போராடிய இருதயத்தின் சுவர் தடித்துவிடுகின்றது. நீரிழிவு, உடற்பருமன், முதுமை ஆகியனவும் தசையிடையே நார்ப்பொருளைப் பெருக்கி விறைப்பை உண்டாக்குகின்றன. முன்னர் மாரடைப்பு வந்து ஆறிய இடத்தில் தசைக்குப் பதிலாகத் தழும்பே உள்ளது. தழும்புக்குப் புது இரத்தம் பாய்ந்தாலும் அது மீண்டும் தசையாவதில்லை. வாடிய பயிருக்கு வாய்க்காலைத் திறந்துவிட்டால் அது தளிர்க்கும். காய்ந்து சருகான பயிருக்கு நீரினாற் பயனில்லை.

வாடியதற்கும் சருகானதற்கும் இடைப்பட்ட நிலைகளும் உண்டு. இரத்தம் சிறிது நேரம் நின்று மீண்டும் ஓடிய தசை, இறந்துவிடாமலும் உடனே இயங்காமலும் திகைத்து நிற்பதுண்டு. 1982இல் பிறவுண்வால்ட், குளோனர் என்னும் இருவரும் இந்நிலையை விளக்கினர். இவ்வாறு திகைத்த தசை தெளிவதற்குச் சில மணி நேரமும் ஆகலாம். நாட்களும் வாரங்களும் செல்லலாம். வேறு சில நோயாளரிடத்து, நெடுங்காலம் அரைவயிற்றுணவே கிடைத்தமையால் தசை தன் வேலையைக் குறைத்துக்கொண்டு உறங்குநிலையில் இருக்கும். ஆதலால் சிகிச்சை முடிந்த மறுநாளே மூச்சு வாங்கல் மாறவில்லை என்று மனந்தளர்வதும் சரியன்று; சிகிச்சை வீணாயிற்று என்று முடிவு கட்டுவதும் சரியன்று.

மாரடைப்பு நேர்ந்த வேளையில் இவ்விடயம் உயிர்ப் பிரச்சினையாகின்றது. முடியுரு நாடியொன்று இரத்தக் கட்டியினால் முற்றாக அடைபட்டால், தசையின் இறப்பு உள்ளடுக்கிலே தொடங்கி, மணிக்கணக்கில் வெளியடுக்கை நோக்கிப் பரவுகின்றது. றைமர், ஜெனிங்ஸ் ஆகியோர் 1977இல் நாய்களிற் செய்த ஆய்வுகள் இதனை எடுத்துக்காட்டின. நாடி விரைவிலே திறக்கப்பட்டால் வெளியடுக்குத் தசை பிழைக்கும், தழும்பு சிறிதாகும், எதிர்காலத்தில் இருதயத்தின் நெகிழ்ச்சியும் பெரிதும் காக்கப்படும். தாமதித்துத் திறந்தால், பெரிய நாடி திறந்தும் அதற்கப்பாலுள்ள நுண்குழாய்கள் சிதைந்து அடைபட்டிருக்க, இரத்தம் தசையைச் சென்றடையாமற் போவதுமுண்டு. படத்திலே நாடி திறந்திருக்கும். தசையோ பட்டினி கிடக்கும். நெஞ்சின் நடுவே இறுக்கமும், வியர்வையும், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவும், திடீர் மூச்சுத் திணறலும் தோன்றினால், வாய்வு என்று எண்ணி ஓமநீர் குடித்து விடியும்வரை காத்திருப்பவர், தம் இருதயத் தசையையே விலையாகக் கொடுக்கின்றார். 2016இல் தொடங்கப்பெற்ற சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம்; அதற்குக் கட்டணமில்லை.

மாரடைப்பு இல்லாது, நிலையாயுள்ள முடியுரு நாடி நோயில் நிலைமை வேறு. 2007இல் வெளியான கறேஜ் என்னும் ஆய்வில் 2287 பேரும், 2020இல் வெளியான இஸ்கீமியா என்னும் ஆய்வில் 5179 பேரும் சேர்க்கப்பட்டனர். நல்ல மருந்துகளோடு நாடி திறக்கும் சிகிச்சையையும் பெற்றவர்கள், மருந்துகளை மட்டும் கொண்டு தொடங்கியவர்களைவிட நீண்ட ஆயுள் பெற்றார்கள் என்று இவ்வாய்வுகள் காட்டவில்லை. நெஞ்சுநோ குறைவதிலேதான் நாடி திறந்தவர்களுக்குக் கூடுதலான பயன் தெரிந்தது. இருதயம் இறைக்கும் வலு மிகக் குன்றிய 700 பேரை ஆராய்ந்து 2022இல் வெளியான பிரித்தானிய ஆய்விலும், ஸ்டென்ட் வைத்தமையால் இறப்போ, இருதய வலுக்குறைவுக்காக வைத்தியசாலையிற் சேர்வதோ குறையவில்லை. இவற்றைக் கேட்டு, வைத்தியர் விதித்த சிகிச்சையை மறுப்பது தவறு. இடது பக்கத்து முதன்மை நாடி ஒடுங்கியவர்க்கும், மருந்தினால் நெஞ்சுநோ அடங்காதவர்க்கும், மாரடைப்பு வந்தவர்க்கும் வழி திறப்பது பெரும் பயன் தரும். மருந்தை நிறுத்திவிட்டு ஸ்டென்டை மட்டும் நம்பியிருப்பதே கூடாதது.

தளர்வின் நிலையை வைத்தியர் எவ்வாறு அறிகின்றார்? முற்காலத்தில் இருதயத்துள்ளே குழாயைச் செலுத்தியே அழுத்தத்தை அளந்தனர். 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்னும் வைத்தியரும் ஹேர்ட்ஸ் என்னும் பௌதிக அறிஞரும் காதுக்கெட்டாத ஒலியலைகளைக் கொண்டு இருதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். இன்று எக்கோ என வழங்கும் பரிசோதனை அதிலிருந்து வளர்ந்ததாகும். அதிலே, இரத்தம் கீழறைக்கு இறங்கும் இரு கட்டங்களும் இரண்டு அலைகளாகத் தெரியும். இளமையில் முதலலை உயர்ந்திருக்கும். தளர்வு மந்தமாகத் தொடங்கினால் இரண்டாம் அலை ஓங்கும். மேலறையின் அழுத்தம் மிகவும் உயர்ந்த பின்னரோ முதலலை மறுபடி உயர்ந்து, நோயில்லாதவருடையது போலவே தோற்றமளிக்கும். ஆகையால் தசையின் அசைவு வேகம், மேலறையின் பருமன் முதலிய வேறு அளவுகளையும் சேர்த்தே வைத்தியர் முடிவு கூறுவர். இறைக்கும் அளவு நூற்றுக்கு 60 என்று அறிக்கையிற் கண்டவுடன் இருதயம் முற்றும் நலமென்று எண்ணிவிடலாகாது. இருதய வலுக்குறைவுடையோருள் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்து அவ்வளவு சரியாகவே இருக்கின்றது.

நாடி திறந்தபின்னும் விறைப்பு எஞ்சியிருப்பவர்க்குச் செய்யத்தக்கவை பல உள. இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது அவற்றுள் முதலாவது. அழுத்தம் தணிந்தால் தடித்த சுவரும் காலப்போக்கிற் சிறிது மெலியக்கூடும். உப்பைக் குறைத்தால் உடலில் நீர் தேங்குவது குறையும். கருவாடும் ஊறுகாயும் பொரித்த அப்பளமும் நாள்தோறும் இலையில் இருக்கவேண்டியவையல்ல. புகைத்தலை அறவே விடவேண்டும். வைத்தியரின் சம்மதத்தோடு நாள்தோறும் நடப்பவருடைய உழைக்கும் ஆற்றல் வளர்கின்றதென்பது ஆய்வுகளிற் கண்ட உண்மை. நீரிழிவுக்காக ஆக்கப்பட்ட எம்பாகிளிபுளோசின் என்னும் மருந்து, இறைக்கும் அளவு குன்றாத இருதய வலுக்குறைவிலும், வைத்தியசாலையிற் சேரவேண்டிய நிலையைக் குறைக்கின்றதென்று 2021இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இம்மருந்து யாருக்கு ஏற்றதென்று தீர்மானிப்பது வைத்தியரின் பொறுப்பு. ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாதிருக்க விதிக்கப்படும் மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும்.

நாடி திறக்கப்பட்ட ஒருவருக்கு மீண்டும் மூச்சு வாங்குமானால், அவர் அதனை மறைக்காமல் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். எவ்வளவு தூரம் நடந்தால் மூச்சு வாங்குகின்றது, படுக்கையில் ஒரு தலையணை போதுமா, இரண்டு வேண்டியிருக்கின்றதா, இரவில் மூச்சு முட்டி எழவேண்டியுள்ளதா, கால்கள் வீங்குகின்றனவா என்பவற்றைக் குறித்துவைத்துச் சொன்னால் பரிசோதனை எளிதாகும். அந்த நாடியே மீண்டும் ஒடுங்கியிருக்கலாம். வேறொரு நாடி ஒடுங்கியிருக்கலாம். நாடிகள் யாவும் திறந்திருக்க, தசையின் விறைப்பே காரணமாயிருக்கலாம். சுவாசப்பையின் நோயாகவோ இரத்தச் சோகையாகவோ இருத்தலுங் கூடும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ஆதலால் "என் இருதயம் நன்றாக இறைக்கின்றதா?" என்று கேட்கும் நோயாளி, "அது நன்றாகத் தளர்ந்து நிரம்புகின்றதா?" என்றும் கேட்டறிதல் நன்று.